லண்டன்: குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பீபாடி

வணக்கம் மக்களே! பின்னால் பஸ் சத்தம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 'பேங்க்' என்ற ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எல்லோரும் படம் எடுப்பது ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய வணிகக் கட்டடத்துக்கு முன்னால் குதிரை மேல் இருக்கும் வெலிங்டன் பிரபுவைத்தான். அவரை விட்டுவிடலாம். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள்.

இதோ, இவர்தான். குதிரை இல்லை, வாள் இல்லை. கோட் போட்டுக்கொண்டு நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருக்கும் வெண்கல மனிதர், ஜார்ஜ் பீபாடி. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தில் 1795இல் பிறந்து, லண்டனுக்கு வந்து வங்கி நடத்திப் பெரும் பணக்காரர் ஆனவர். இவருடைய கூட்டாளி ஜூனியஸ் மார்கன், பிரபல அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கனின் அப்பா. அந்த மார்கன் வங்கியின் வேரே இங்கேதான் இருக்கிறது.

சரி, சிலை எதற்கு? 1862இல் லண்டன் ஏழைகளுக்காக இவர் 1,50,000 பவுண்டு கொடுத்தார். பிறகு கூட்டிக்கூட்டி மொத்தம் 5,00,000 பவுண்டு ஆனது. அந்தக் காலத்துப் பணம், யோசித்துப் பாருங்கள்! மதம், கட்சி பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்தப் பணத்தில் முதல் குடியிருப்பு 1864இல் கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் திறந்தது. விக்டோரியா ராணி பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். சிலையை மட்டும் தடுக்க முடியவில்லை போல. 1869இல், அவர் உயிரோடு இருக்கும்போதே திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

இவ்வளவுதான் என்றால் வீடியோவே எடுத்திருக்க மாட்டேன். எனக்குச் சுவாரசியம் அந்த வீடுகளில் பிற்பாடு வந்த விதிகள். குடும்பத்தில் எல்லோரும் அம்மை குத்திக்கொண்டிருக்க வேண்டும். வாடகை வாராவாரம் முன்பணமாக. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காகிதம் ஒட்டக் கூடாது. நாய் கூடாது. மாடிப்படியில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் உடனே காலி செய்ய நோட்டீஸ்!

இப்போது கணக்குப் போடுங்கள். இன்று வேலை உண்டு, நாளை இல்லை என்று இருக்கும் கூலிக்காரர் வாராவாரம் முன்கூட்டி வாடகை கட்டுவாரா? ஆகவே நிலையான சம்பளக்காரர்களுக்குத்தான் இந்த வீடுகள் எட்டின. பரம ஏழைக்குப் பெரிதாகப் பயன்படவில்லை என்று அப்போதே குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. அதே சமயம் ஒண்டிக் குடித்தனத்தில் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு தொழிலாளிக்கு உறுதியான கட்டடத்தில் ஓர் அறை கிடைத்ததும் சின்ன விஷயமில்லை. பீபாடி தந்தது பணம். யாரை உள்ளே விடுவது என்று நாளுக்கு நாள் முடிவெடுத்தது அறங்காவலர்களும் கண்காணிப்பாளர்களும். பீடத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பீபாடி பணத்தில் உருவான அந்த அறக்கட்டளை இன்னமும் இயங்குகிறது. லண்டனில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு 'பீபாடி' என்றால் சிலை ஞாபகம் வராது, வாடகை வீடுதான் ஞாபகம் வரும்.

அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, இதே சிலையின் நகல் பால்டிமோரில் பீபாடி இன்ஸ்டிடியூட் என்ற இசைக் கல்லூரி எதிரில் இருக்கிறது. போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் இப்போது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் நடக்கப் போகிறேன், அந்த முதல் கட்டடத்தைக் காட்டுகிறேன்.