நத்தார் மரத்துக்குத் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவில் டிசம்பர் பிறந்தால் கடை வாசல்களில் நத்தார் மரங்கள் வலை சுற்றிக் கட்டி நிற்கும். பிளாஸ்டிக் மரம் வேண்டாம், இந்த முறை உண்மையான மரம் வாங்குவோம் என்று பிள்ளைகள் கேட்கிற வீடுகளுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் ஓர் இலையைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நாலு பட்டையாக உருண்டால் ஸ்புரூஸ் என்கிற மரவகை. சூடான வீட்டுக்குள் இலை சீக்கிரம் கொட்டிவிடும். தட்டையாக, உருளாமல் இருந்தால் ஃபிர் என்கிற வகை. நல்ல வாசனைக்கு பால்சம் ஃபிர். இலை நீண்ட நாள் நிற்பதற்கு ஃபிரேசர் ஃபிர். என்னைக் கேட்டால் ஃபிரேசர்தான். அப்புறம் ஒரு கொப்பைப் பிடித்து மெல்ல உருவுங்கள். பச்சை இலை கையோடு வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். உள்ளே பழுத்த இலை உதிர்வது இயல்பு.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். ஊரில் சவுக்குக் கொப்பை வெட்டி வந்து மணல் வாளியில் நடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மரத்தை மணலில் நடுகிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், இந்த மரங்களுக்குத் தண்ணீர் வேண்டும். இந்த மரங்களில் பல நவம்பரிலேயே வெட்டப்பட்டு, கியூபெக், நோவா ஸ்கோஷியா என்று தொலைவிலிருந்து லொறியில் வருகின்றன. நோவா ஸ்கோஷியா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை: 1917 டிசம்பர் 6ஆம் திகதி அங்குள்ள ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் கப்பல் வெடித்து நகரமே சிதைந்தபோது பொஸ்டன் நகரத்தவர் உதவிக்கு ஓடி வந்தார்கள். அந்த நன்றிக்காக 1971 முதல் ஆண்டுதோறும் அங்கிருந்து பொஸ்டனுக்குப் பெரிய நத்தார் மரமொன்று போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வெட்டிய இடத்தில் பிசின் கசிந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அடியில் ஓர் அங்குலத்தை நேராக அறுக்க வேண்டும். விற்பவரிடமே கேளுங்கள், அறுத்துத் தருவார். பழைய முகம் கறுத்துப் பிசுபிசுக்கும். புது முகம் வெளுத்து ஈரமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் உடனே, மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற, தண்ணீர் ஊற்றக்கூடிய தாங்கியில் நிறுத்துங்கள். தாங்கிக்குள் நுழையவில்லை என்று பட்டையைச் சீவாதீர்கள். பட்டையை ஒட்டிய மரத்தின் வழியாகத்தான் தண்ணீர் ஏறுகிறது.

எவ்வளவு தண்ணீர்? அடிமரத்தின் அகலம் ஓர் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல மரத்துக்கு நாலு லீட்டர். முதல் நாட்களில்தான் மரம் அதிகம் குடிக்கும். அடி காய்ந்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும், பிறகு ஊற்றிப் பயனில்லை. அதனால் திரும்பவும் சொல்கிறேன்: காலையும் மாலையும் தாங்கியைப் பாருங்கள். சீனி, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மரத்தை வைக்க வேண்டாம். எல்ஈடி விளக்குகளே நல்லது. படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். ஜனவரியில் அலங்காரம், கம்பி எல்லாவற்றையும் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றாமல் வெளியே வையுங்கள். மாநகராட்சி அறிவிக்கிற நாளில் வந்து எடுத்துக்கொள்வார்கள். நன்றி, வணக்கம்.