கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே.

ஒருவரைக் காணவில்லை என்று பொலிஸார் தேடும்போது ஊர்ச் சனம் அதில் எப்படிச் சேரவேண்டும் என்று பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். வீட்டில் ஆளைக் காணவில்லை என்றால் பலர் பொலிஸுக்குப் போகுமுன் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒரு தாயின் முகம் எப்படி இருக்கும் என்பதை மறக்க முடியாது. அதனால்தான் இந்த அழைப்பை உடனே ஏற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு பிழையான நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். 24 மணித்தியாலம் போனால்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. வழக்கமாக நான்கு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை ஆறு மணிக்கும் வரவில்லை, கூட்டாளிகளின் வீட்டிலும் இல்லை என்றால் அப்போதே போகலாம். ஆனால் நம் வீடுகளில் அந்த முதல் மணித்தியாலங்கள் வேறு விதமாகக் கழிகின்றன. காணாமல்போனது ஒரு குமர்ப்பிள்ளை என்றால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பெயர் கெட்டுவிடும், விடிந்தால் வந்துவிடுவாள் என்று ஒருவரை ஒருவர் தேற்றுவார்கள். நேரம் போகப் போக அந்தப் பிள்ளையின் தடமும் போய்க்கொண்டிருக்கும். காலையில் அவளைக் கண்ட பஸ் கொண்டக்டர் மாலைக்குள் எத்தனையோ முகங்களைப் பார்த்துவிடுவார். பெயர் போவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் ஆள் வந்து சேரட்டும்.

சரி, பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கே தமிழிலேயே சொல்லுங்கள். வாய்மூலம் கொடுக்கும் தகவலைக் கொடுத்த மொழியிலேயே எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால், "ஒருக்கா வாசியுங்க ஐயா" என்று பணிவாகக் கேட்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காணாமல்போனது பிள்ளையோ பெண்ணோ என்றால் சிறுவர் மகளிர் பிரிவில் இருப்பவரிடமும் பேசுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்குப் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லும்போதே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சில தாய்மாரின் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். 1990 செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் ஒரே நாளில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. நம் மாவட்டத்தில் சீருடைக்காரரின் வாசலில் நின்று பிள்ளையைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பிய அம்மாமார் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் முடி நரைத்தும் இன்றும் படத்தைக் கையில் ஏந்தி வீதியோரத்தில் நிற்கிறார்கள். அந்த வழக்குகளுக்காக 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் காணாமல்போனோர் அலுவலகம் உண்டாக்கப்பட்டது. அது தனிக் கதை, நான் இன்று பேசுவது அதைப் பற்றியல்ல. ஆனால் அந்தக் காயத்தை மறைத்துவிட்டு, "பொலிஸுக்குத் தகவல் கொடுங்கள்" என்று இந்த மண்ணில் யாரும் பேச முடியாது. பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதைக் களைவது பொலிஸாரின் பொறுப்பு. தகவல் சொல்ல வந்தவரைச் சந்தேக நபர்போல மணிக்கணக்கில் வாங்கில் இருத்தி வைத்தால், அந்த ஊரில் அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார். இதை நான் பொலிஸ் அதிகாரிகளின் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் செய்யக்கூடியதும் உண்டு. தனியே போகப் பயமென்றால் கூட்டிக்கொண்டு போங்கள். கிராம உத்தியோகத்தர், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர், அதிபர், யாராவது வருவார்கள். வராமல் விட்டவர்களைவிட வந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இப்போது, கண்டவர்கள் பக்கம் வருவோம். தேடுதலில் ஊர்ச் சனம் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, தான் கண்டதைக் கண்டபடி சொல்வதுதான். கேட்க லேசாக இருக்கிறது. நடப்பது என்ன? "நானும் கண்டநான், மறுகா ஏன் வம்பு எண்டு பேசாம இருந்தநான்" என்று பிறகு சொல்வார்கள். இன்னொரு வகை, கண்டதோடு நினைத்ததையும் சேர்த்துச் சொல்வது. நீலச் சேட்டுப் போட்ட பெடியன் ஒருவன் சைக்கிளில் போனதைத்தான் கண்டிருப்பார். சொல்லும்போது, "அவன் அழுதுகொண்டு போனான், வீட்டில் ஏதோ பிரச்சினை" என்று வந்துவிடும். அழுததை அவர் காணவில்லை. ஆனால் பொலிஸார் அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் போய்விடலாம்.

எந்த இடத்தில் கண்டீர்கள், எந்தப் பக்கம் போனார், என்ன உடுத்திருந்தார், கையில் என்ன இருந்தது, கூட யார். இவ்வளவும் போதும். நேரம் சரியாகத் தெரியாது என்று தயங்காதீர்கள். நம் சனம் மணிக்கூட்டைப் பார்த்து வாழ்வதில்லை. அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம், பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வீதி நிறைய வந்த நேரம், மீன் வண்டில்காரன் கூவிக்கொண்டு போன நேரம், கடைசி பஸ்ஸுக்கு முன்னம் என்று சொன்னாலே போதும், அதை மணியாக்கிக்கொள்ளலாம். "ஒரு மூன்று மணி இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிசிடிவியில் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். சில கருவிகளில் சில நாட்களிலேயே பழையது அழிந்துவிடும். ஊரில் ஒருவரைக் காணவில்லை என்று கேள்விப்பட்டால் பொலிஸார் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் அந்த நாளின் பதிவை எடுத்து வையுங்கள். ஆனால் அதை வட்ஸ்அப்பில் போடவேண்டாம், பொலிஸாரிடம் கொடுங்கள்.

நம் கரையோரத்தில் ஒரு விசேடம் இருக்கிறது. ஏறாவூருக்குப் பக்கத்தில் செங்கலடி, காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஆரையம்பதி, ஓட்டமாவடிக்குப் பக்கத்தில் வாழைச்சேனை, சாய்ந்தமருதுக்குப் பக்கத்தில் காரைதீவு. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன, எல்லை ஒரு ஒழுங்கையில் முடிந்துவிடும். காணாமல்போனவருக்கு அந்த எல்லை தெரியாது, நடந்து போய்விடுவார். ஆனால் செய்தி அந்த ஒழுங்கையோடு நின்றுவிடுகிறது. கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தால் கோயிலடிச் சனத்துக்குத்தான் கேட்கும். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் போய்க் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். அங்கே ஒரு வாப்பாவைக் காணவில்லை என்றால் நம் கோயிலிலும் அறிவிக்கவேண்டும். கல்முனையிலிருந்து அம்பாறைப் பக்கம் பஸ் ஏறியிருக்கலாம் என்று தோன்றினால் அறிவித்தலைச் சிங்களத்திலும் எழுதுங்கள். அம்பாறை நகரத்திலோ உகனையிலோ தேநீர்க் கடை வைத்திருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் கண்ணில் பட்டிருக்கலாம்.

இனி, ஆளைத் தேடிக் காட்டுக்கும் தண்ணிக்கும் போவது. இதில்தான் நம் பெடியன்கள் முன்னுக்கு நிற்பார்கள். அந்த மனதை நான் மெச்சுகிறேன். 2024 நவம்பர் 26ஆம் தேதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தத் தேடுதல் நாட்கணக்கில் நீடித்தது, படையினரோடு ஊர்ச் சனமும் வெள்ளத்தில் இறங்கியது. தமிழர், முஸ்லிம் என்று அந்த நாட்களில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் வெள்ளத் தண்ணீர் துணிவைப் பார்ப்பதில்லை. கயிறும் வள்ளமும் இல்லாமல் இறங்குகிறவரையும் பிறகு தேடவேண்டி வரும். வாவியில் தேடுவதென்றால் அங்கே தோணி வலிக்கும் மீனவரை முதலில் கேட்கவேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டியிருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து நீரோட்டம் மாறும். கல்லடிப் பாலத்தடியில் தவறியது எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கடற்படைச் சுழியோடிகளும் அவர்களைக் கேட்டுத்தான் இறங்கவேண்டும்.

படுவான்கரையில் இரவுத் தேடுதல் இன்னும் ஆபத்து. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கமெல்லாம் பொழுது பட்டால் யானை வரும். டோர்ச்சும் கையுமாகத் தனித்தனியே சிதறாமல், பொலிஸார் அல்லது கிராம உத்தியோகத்தர் பிரித்துக்கொடுக்கும் பக்கத்துக்குக் கூட்டமாகப் போங்கள், போனவர்களின் பெயரை எழுதி வையுங்கள். எங்கு தேடியாயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். குறிக்காவிட்டால் ஒரே வரம்பை நான்கு கூட்டம் மிதித்துவிட்டு, ஆள் கிடக்கும் பற்றையை ஒருவரும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் சனம் குவியக்கூடாது. அடித்தடம் அழிந்துவிடும். பொலிஸார் மோப்ப நாயைக் கொண்டுவந்தாலும் நூறு பேரின் மணம் அங்கே நிற்கும். வீட்டில் அவர் உடுத்துக் கழற்றிய உடுப்பையோ தலையணை உறையையோ துவைக்காமல், மற்றவர் தொடாமல் வைத்திருங்கள்.

ஞாபகமறதி வந்த வயோதிபர்கள் பெரும்பாலும் தூரம் போவதில்லை. முன்பு வேலை செய்த வயல், பிறந்த வீடு, பழைய கோயில் என்று ஏதோ ஒன்று மனதில் இழுக்க, நேரே நடந்துபோய் ஒரு பற்றையிலோ வாய்க்காலிலோ தடுக்கி நின்றுவிடுவார்கள். பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார்கள். அதனால் அவர்களைத் தேடும்போது கூப்பிட்டுக்கொண்டு மட்டும் போகாமல் குனிந்து பாருங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் ஆசை. அப்படிப்பட்ட பிள்ளையைக் காணவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் கிணறு, குளம், வாய்க்காலுக்கு ஓடுங்கள்.

பேஸ்புக்கில் படம் போடுவது நல்லதுதான். அண்மையில் எடுத்த, முகம் தெளிவான படமாகப் போடுங்கள், திகதியையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் எழுதுங்கள். வீட்டார் தங்கள் சொந்த இலக்கத்தை மட்டும் போட்டால், "ஆள் எங்களிடம் இருக்கிறார், இவ்வளவு காசு அனுப்புங்கள்" என்று ஈவிரக்கமில்லாதவர்கள் எடுப்பார்கள். அப்படி வந்தால் ஒரு சதமும் அனுப்பாமல் அந்த இலக்கத்தைப் பொலிஸாரிடம் கொடுங்கள். காணாமல்போனவரின் கைபேசிக்கு விடாமல் அழைத்து அதன் பற்றரியைத் தீர்த்துவிடாதீர்கள். அது எந்தக் கோபுரத்தடியில் இருக்கிறது என்று பொலிஸார் கேட்டுப் பெறவேண்டுமென்றால் அது உயிரோடு இருக்கவேண்டும். கைபேசி வாங்கிய பெட்டியில் அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள இலக்கமான ஐ.எம்.இ.ஐ. இலக்கம் இருக்கும், அதையும் கொண்டுபோங்கள்.

வதந்தி என்னை மிகவும் பயப்படுத்துகிறது. 2011 ஆகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வருகிறார், கிறீஸ் பூதம் என்று கிழக்கு முழுக்கப் பீதி கிளம்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்நியராகத் தெரிந்த எவரையும் சந்தேகித்தார்கள், பொல்லோடு காவல் நின்றார்கள். இன்றைக்கும் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், "பிள்ளை பிடிகாரர் வானில் வருகிறார்கள்" என்று ஒரு குரல்பதிவு பத்து ஊருக்குப் போய்விடும். ஊருக்குள் வந்த புடவை வியாபாரியோ, மனநோய் உள்ள ஏழையோ அடி வாங்குவார். சந்தேகம் இருந்தால் வண்டி இலக்கத்தைக் குறித்து பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் சொல்லலாம். ஒருவர்மேலும் கை வைக்காதீர்கள்.

ஆள் கிடைத்துவிட்டால் பொலிஸ் நிலையத்தில் உடனே அறிவியுங்கள், போட்ட படத்தை நீங்களே எடுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய அறிவித்தல்களால் வீடு திரும்பி, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்ற பெண்களும் இன்னும் "காணாமல்போனவர்" என்று பார்க்கப்படுகிறார்கள். திரும்பி வந்த பிள்ளையை முற்றத்தில் வைத்து ஊரே சுற்றி நின்று, "எங்க போன நீ, ஆரோட போன நீ" என்று கேட்கவேண்டாம். சாப்பாடு கொடுத்து, குளிக்க விட்டு, தூங்க விடுங்கள். யாராவது அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் குளிக்கவும் உடுப்பு மாற்றவும் முன்னர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், உடுத்திருந்த உடுப்பைக் கடதாசிப் பையில் வையுங்கள். கேட்கவேண்டியதைப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி, தாயையோ நம்பிக்கையான ஒரு பெண்ணையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

நன்றி நேயர்களே, வணக்கம்.