கழுத்து வலிக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நீட்சிப் பயிற்சி

[காட்சி: நாற்காலியில் ஒருவர். கேமரா பின்னாலிருந்து இடது தோளை நெருங்குகிறது.]

வலக்கையை இடது தோளின் மேல் போடுங்கள். விரல்களை மெல்ல முதுகுப் பக்கம் இறக்குங்கள். தோள்பட்டை எலும்பின் மேல்முனை தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே அழுத்திப் பாருங்கள். கயிற்று முடிச்சைப் போல ஏதோ உருளுகிறதா? "அங்கேதான், அங்கேதான்" என்று சொல்லத் தோன்றுகிறதா?

கழுத்தில் உள்ள 7 எலும்புகளில் மேலே இருக்கும் நான்கிலிருந்து கிளம்பி, இந்த முனையில் வந்து சேர்கிறது ஒரு தசை. தோள்பட்டையைத் தூக்குவது அதன் வேலை. நாம் குனியும்போது தலை முன்னால் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

[காட்சி: பக்கவாட்டுத் தோற்றம். தலை படிப்படியாகக் கைபேசியை நோக்கிக் குனிகிறது.]

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணக்கிட்டார். மணிக்கணக்கில் அசையாமல் இப்படியே இருந்தால் தசை இறுகத்தான் செய்யும்.

[காட்சி: முன்பக்கத் தோற்றம்.]

இடது பக்கம் வலிப்பதாக வைத்துக்கொள்வோம். இடக்கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள் மேலே ஏறாமல் இருக்க இது வேண்டும். இதை விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும். முகத்தை வலப்பக்கம் பாதியளவு திருப்பி, மூக்கை வலது அக்குளை நோக்கி இறக்குங்கள். வலக்கை பிடரியின் மேல் சும்மா கிடக்கட்டும். அழுத்தவே வேண்டாம், கையின் எடை போதும். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, மூச்சைச் சீராக விடுங்கள். 20 விநாடிகள். வலித்தால் சற்றுத் தளர்த்துங்கள்.

அப்படியே இருங்கள், இதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறோமே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தச் சுகம் சிறிது நேரம்தான். கையால் பலமாகத் திருப்பினால், அரிதாக என்றாலும், கழுத்து இரத்தக் குழாயே கிழிந்துவிடக்கூடும்.

இப்போது மெதுவாக நிமிருங்கள்.

[காட்சி: பக்கவாட்டுத் தோற்றம். முகவாய் பின்னால் நகர்கிறது.]

அடுத்தது மிக எளிது. நேராகப் பார்த்தபடி, முகவாயைக் கிடைமட்டமாகப் பின்னால் தள்ளுங்கள். குனியவோ அண்ணாந்து பார்க்கவோ கூடாது. 5 விநாடிகள் வைத்து விடுங்கள், 10 முறை. மண்டையோட்டின் அடிப்புறத்தில் இருக்கும் சிறு தசைகள் இதில் நீளும்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினாலோ, கீழே விழுந்த பின் வலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பயிற்சியில் இறங்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். மற்றபடி, நாளில் இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

[காட்சி: மீண்டும் முன்பக்கத் தோற்றம்.]

சரி, மறுபக்கம் பாக்கி இருக்கிறது. வலக்கை நாற்காலி விளிம்பில். மூக்கு இடது அக்குளை நோக்கி. மூச்சை விடுங்கள்... ஒன்று, இரண்டு, மூன்று...