வாவிக்கரை மக்களும் வரைபடமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் நிலப்பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 200 பேர் என்ற விடை வரும். அந்த எண்ணுக்குரிய நிறத்தை மாவட்டம் முழுவதற்கும் தீட்டி, இதுவே குடித்தொகை அடர்த்திப் படம் என்று காட்டுவது வழக்கம். கணக்கில் பிழையில்லை. ஆனால் காத்தான்குடியில் சுவரோடு சுவர் சேர்ந்து வாழும் குடும்பங்களும், வாகரைப் பக்கத்தில் காட்டோரமாகத் தனித்து வாழும் குடும்பங்களும் அந்த ஒரே நிறத்துக்குள் மறைந்துவிடுகின்றன. மானிடப் புவியியல் கேட்கும் முதற் கேள்வியே, மக்கள் எவ்வளவு பேர் என்பதோடு, எங்கே, ஏன் அங்கே என்பதுதான். அதற்கு விடை தராத படம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் நமக்குப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாற்றாகப் புள்ளிப் படம் உண்டு. ஒரு புள்ளிக்கு இத்தனை பேர் என வகுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் குடியிருக்கும் இடத்திலேயே புள்ளியை இடுவது அதன் முறை. 1854ஆம் ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் மரணம் நிகழ்ந்த வீடுகளைத் தெருப் படத்தில் குறித்தார். அம்மரணங்கள் புரோட் வீதியிலிருந்த நீர்க்குழாய் ஒன்றைச் சுற்றிச் செறிந்திருந்தமை அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவ்வட்டாரத்தின் மொத்த மரணங்களைக் கூட்டி ஒரே நிறம் தீட்டியிருந்தால் அந்தக் குழாய் எவர் கண்ணிலும் பட்டிராது.

நமது மாவட்டத்துக்கு அப்படியொரு புள்ளிப் படம் வரைந்தால், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். ஆழ்கடலும் வாவியும் தரும் மீன், மணலுக்கடியில் ஊறும் நன்னீர்க் கிணறு, தென்னைக்கு ஏற்ற மண், கல்முனை வரை நீளும் பெருந்தெரு ஆகியவை அங்கே மக்களைக் கூட்டின. வாவிக்கு மேற்கே புள்ளிகள் ஐதாகி, வயல்வெளிகளுக்கு நடுவே சிறு ஊர்களாகச் சிதறும். எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் பிரித்த இரு நிலங்களும் இவையே. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள குடும்பங்கள் இன்றும் பல உண்டு. எனவே இரு கரைகளும் தோற்றத்தில் வேறுபட்டாலும் தொழிற்பாட்டில் ஒரே பிரதேசமாக இயங்குகின்றன. தோற்ற ஒற்றுமையால் அமையும் பிரதேசம், மக்களின் போக்குவரத்தாலும் கொடுக்கல் வாங்கலாலும் அமையும் பிரதேசம் என்று பாடநூல்கள் வகுத்துக் கூறும் இரண்டையும் விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிருவாக எல்லை என்பது வேறொன்று. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமானபோது கல்முனை அதனுள் அடங்கியது. ஆனால் எல்லைக்கு இப்பால் உள்ள கல்லாற்று மக்கள் கல்முனைச் சந்தைக்குப் போவதை அந்தக் கோடு நிறுத்தவில்லை.

தூரம் என்பதையும் இப்படித்தான் நோக்க வேண்டும். குருமண்வெளித் துறைக்கும் மண்டூருக்கும் இடையே அளவுகோலை வைத்தால் தூரம் மிகக் குறைவு. வாவியைக் கடக்கும் மிதவையான ‘பாதை’ ஓடும் வேளையில் அந்தத் தூரம் உண்மையிலேயே குறைவுதான். வாவியில் காற்று கடுமையாகிப் பாதை நின்றுவிட்டால், அதே பயணத்துக்குப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். 2014ஆம் ஆண்டில் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை ஓர் அடிகூட நகரவில்லை. எனினும் பிரசவ வலியோடு மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் புறப்படும் ஒரு தாய்க்கு அவ்வூர் நகரத்துக்கு நெருங்கிவிட்டது. தூரத்தைக் கிலோமீற்றரிலன்றி நேரத்தில் அளந்து வரையும் படங்களும் உண்டு. நமது வாவிக்கரைகளுக்கு அவை கட்டாயம் தேவை.

இனி அளவுத்திட்டம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 1 கிலோமீற்றர். அப்படத்தில் வீதியொன்றை 1 மில்லிமீற்றர் தடிப்பில் வரைந்தால், அது நிலத்தில் 50 மீற்றரை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு அகலமான வீதி நம்மூரில் ஏது? கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வீதி பெருக்கப்படுகிறது, அதனருகே உள்ள வீடுகள் சற்று ஒதுக்கப்படுகின்றன. இது படம் வரைவோர் அறிந்தே செய்வது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்டது. மேற்சொன்ன படத்தில் அந்த 200 மீற்றர் வெறும் 4 மில்லிமீற்றர். ஒரு விரல் நுனியால் மறைக்கக்கூடிய அந்தக் கீற்றுக்குள், உயிர் தப்பிய மீனவர் பலருடைய வளவுகள் இருந்தன. கோடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கோடு எந்த அளவுத்திட்டத்தில் வரையப்படுகிறது, அதற்குள் யார் வாழ்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே அது வரையப்பட வேண்டும்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறையாகிய எறியம் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 1569ஆம் ஆண்டின் மேர்க்கேற்றர் எறியத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மத்திய கோட்டுக்கு அண்மையில், சுமார் 8 பாகை வட அகலாங்கில் இருக்கும் நமது நிலத்தை அந்த எறியம் பெரிதாகச் சிதைப்பதில்லை.

நம்மைச் சிதைப்பது வாவியின் கரைக்கோடு. மார்கழி வெள்ளத்தில் நீர் நிற்கும் இடம் ஒன்று, ஆவணிக் கோடையில் நிற்கும் இடம் வேறொன்று; முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அது மாறும். ஆகையால் தம் ஊரின் படத்தை வரையும் மாணவர்கள் வாவிக்கு இரு கரைக்கோடுகள் இடட்டும்: மாரிக்குத் தொடர்கோடு, கோடைக்கு முறிகோடு. வெள்ளம் எந்த வளவு வரை ஏறியது என்பதை ஊரின் மூத்த பெண்களிடம் கேட்டு அங்கே புள்ளியிடட்டும். துறைகளைக் குறிக்கும்போது பாதை ஓடும் நேரத்தையும், குறிவிளக்கத்தின் கீழே படம் வரைந்த மாதத்தையும் ஆண்டையும் எழுதட்டும்.

நன்றி. வணக்கம்.