பணியிடத்தில் டீசல் இருப்பு: டேங்கா, பேரலா, பவுசரா?

வணக்கம். சாலை விரிவாக்கப் பணியைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். “எங்கள் சைட்டில் 20 டன் ஹிட்டாச்சி இரண்டு, ஜேசிபி ஒன்று, ரோலர் ஒன்று, சிறிய ஜெனரேட்டர் ஒன்று ஓடுகின்றன. பங்க் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2,000 லிட்டர் டேங்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வைக்கலாமா, பேரலிலேயே சமாளிக்கலாமா, வண்டியில் டீசல் கொண்டுவந்து ஊற்றுகிறார்களே, அவர்களிடம் போகலாமா? இன்னொன்று, இப்போதே கணக்கில் வாரம் சில லிட்டர் குறைகிறது.”

டேங்கின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எவ்வளவு டீசல் செலவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஹிட்டாச்சி என்று நாம் அழைக்கும் 20 டன் மண் தோண்டும் இயந்திரம், வேலையின் கடுமையைப் பொறுத்து மணிக்கு 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும், ஜேசிபி ஏறத்தாழ 5 லிட்டர் குடிக்கும். எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டு ரோலரையும் ஜெனரேட்டரையும் சேர்த்தால், உங்கள் தேவை நாளொன்றுக்கு 300 முதல் 350 லிட்டர் என்று கொள்ளலாம். அப்படியானால் 2,000 லிட்டர் என்பது ஆறு நாள் இருப்பு. 25 கிலோமீட்டரில் பங்க் இருக்கும்போது ஆறு நாள் இருப்பு தேவைதானா என்பது என் முதல் ஐயம்.

இரண்டாவது தடை சட்டம். டீசல், பெட்ரோலியச் சட்டத்தின்படி ‘பி’ வகுப்பில் வருகிறது. 1934ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், ஓரிடத்தில் உங்கள் கைவசம் உள்ள மொத்த அளவு 2,500 லிட்டரைத் தாண்டாமலும், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை என்கிறது. பலரும் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, 2,000 என்பது 2,500க்குள் அடங்குகிறதே என்று பெரிய டேங்கை இறக்கிவிடுகிறார்கள். அதில் 500 லிட்டரே இருந்தாலும் டேங்கின் கொள்ளளவு வரம்பை மீறியதாகவே பொருள். அதற்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் நடைமுறைகளுக்குள் நீங்கள் போக வேண்டியிருக்கும். இயந்திரங்களின் சொந்த டேங்கில் இருக்கும் எரிபொருளுக்குத் தனி உரிமம் வேண்டாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே மாலையில் எல்லா வண்டிகளையும் நிரப்பி நிறுத்திவிடுவது, சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இருப்பு.

மாலையில் நிரப்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் டீசல் சூடாக இருப்பதால், வேலை முடியும்போது டேங்க் முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். இரவில் அது குளிரும்போது காலியாக உள்ள இடத்தின் காற்றிலிருந்து ஈரம் நீர்த்துளியாக உட்சுவரில் படிந்து கீழே இறங்கும். டீசலைவிட நீர் கனமானது என்பதால் அது அடியில் தங்கி, டேங்கைத் துருப்பிடிக்கவைத்து, இரண்டும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர இடங்கொடுக்கும். கொழகொழவென்று கறுப்பாக ஃபில்டரை அடைப்பது பெரும்பாலும் அதுதான். டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 1,600 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), அதற்கு மேலும் போகிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். அங்கே கண்ணுக்குத் தெரியாத மணலும் ஒரு சொட்டு நீரும் செய்யும் சேதத்தின் செலவு, பங்குக்குப் போய்வரும் செலவில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

பேரல் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். 200 லிட்டர் பேரல் பன்னிரண்டு வைத்தாலும் 2,400 லிட்டர்தான், சட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நிறைந்த பேரல் ஒன்று 180 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை ஆட்கள் உருட்டிச் சாய்த்து, கேனில் பிடித்து, புனல் வைத்து ஊற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் தூசி உள்ளே போகிறது. நிறுத்திவைத்த பேரலின் மேல்தட்டில் மழைநீர் தேங்கினால், இரவுக் குளிரில் உள்ளே இழுவை ஏற்பட்டு, இறுக்கி மூடிய மூடி வழியாகவும் நீர் கசியும். பேரல்தான் வேண்டுமென்றால் கூரைக்கடியில், மூடிகள் இரண்டும் கிடைமட்டத்தில் இருக்குமாறு படுக்கவைத்து, ஒற்றைக் கைப்பம்பும் ஃபில்டரும் வைத்துப் பயன்படுத்துங்கள்.

வண்டியில் வந்து ஊற்றும் சேவையை இந்தியன் ஆயில் 2018இல் புனேயில் தொடங்கியது. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. இயந்திரம் நிற்குமிடத்துக்கே பவுசர் எனப்படும் அந்த டேங்கர் வண்டி வந்து, முத்திரையிட்ட மீட்டரில் அளந்து ஊற்றிவிட்டுப் போவதால் இடையில் கைமாறும் கட்டங்கள் குறைகின்றன. மழைக்காலத்தில் உங்கள் மண்பாதையில் அந்த வண்டி ஏறுமா என்பதையும், குறைந்தபட்சம் எத்தனை லிட்டர் எடுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 2022 மார்ச்சில் மொத்த நுகர்வோருக்கான டீசல் விலை பங்க் விலையைவிட லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் உயர்ந்து, பெரிய நிறுவனங்களே பங்கை நோக்கி ஓடியதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், 1,000 லிட்டருக்கு மிகாத இரும்பு டேங்க் ஒன்றை வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பவுசரை வரவழைப்பேன். டேங்க் உட்புறம் துத்தநாகப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும், ஏனெனில் துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரை அடைக்கும். ஒரு முனை சற்றே தாழ்ந்திருக்குமாறு வைத்து, அங்கே வடிகால் வால்வு பொருத்தி, வாரம் ஒருமுறை அடியில் தேங்கிய நீரை ஒரு வாளியில் வடியுங்கள். உறிஞ்சுகுழாய் அடித்தளத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்திலாவது நிற்க வேண்டும். புதுச்சரக்கு இறங்கிய உடனே எடுக்காமல் கொஞ்சம் அடங்கவிடுங்கள். டேங்கைச் சுற்றி, அதன் முழுக் கொள்ளளவையும் அதற்கு மேல் பத்து சதவீதத்தையும் தாங்கும் தடுப்புச் சுவர் கட்டுவது நல்ல வழக்கம். டீசல் எளிதில் பற்றாது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. நம் நாட்டுத் தரத்தின்படி அதன் தீப்பற்று வெப்பநிலைக்கான, அதாவது அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலைக்கான கீழ்வரம்பு 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் நிற்கும் இரும்பு டேங்க் அதை எளிதாகத் தாண்டும். எனவே நிழல், எர்த் இணைப்பு, மணல் வாளி, தீயணைப்பான் ஆகிய நான்கையும் தவிர்க்காதீர்கள். கேனில் பிடிப்பதானால் அதைத் தரையில் இறக்கிவைத்துப் பிடியுங்கள். வண்டியின் மேல் வைத்துப் பிடிக்கும்போது நிலைமின்னூட்டம் வெளியேற வழியிருக்காது.

வாரம் குறையும் அந்தச் சில லிட்டருக்கு வருகிறேன். உடனே ஸ்டோர்கீப்பரைச் சந்தேகிக்க வேண்டாம். 1,000 லிட்டர் டீசல் பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ எட்டு லிட்டர் சுருங்கும். மதிய வெயிலில் வந்த சரக்கை மறுநாள் விடியற்காலை குச்சி விட்டு அளந்தால் குறைவாகத்தான் காட்டும். தினமும் ஒரே நேரத்தில், காலையில் முதல் வண்டி நிரப்பும் முன் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஊற்றிய லிட்டரை, அது ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரின் அளவோடு சேர்த்துப் பதியுங்கள். இரண்டு வாரம் அப்படி எழுதிய பிறகும், குறிப்பிட்ட ஒரு வண்டி மட்டும் மணிக்கு 18 லிட்டர் குடிப்பதாகக் கணக்கு காட்டினால், அப்போது முதலில் அந்த வண்டியின் இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அதில் பழுதில்லை என்று தெரிந்த பிறகு இரவுக் காவலை விசாரியுங்கள்.