பதிந்தது நம் வீட்டில், பூட்டு பாக்ஸுக்குள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர், கோத்தகிரி பக்கம் டிஷ் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். போகிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு குறையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். செட்டாப் பாக்ஸில் பதிந்து வைத்த நிகழ்ச்சி, பார்க்க உட்காரும்போது கிடைப்பதில்லை.

கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கும் பகலில் டி.வி. ஏது? ராத்திரி பார்க்கலாம் என்று நம்பித்தான் பதிவு வசதி உள்ள பாக்ஸைக் காசு கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். அந்த பாக்ஸ், நாம் சொருகும் பென் டிரைவ், ஹார்ட் டிரைவ் போன்ற டிரைவில் நிகழ்ச்சியைப் பூட்டித்தான் பதிகிறது. பூட்டின் சாவி அந்த ஒரு பாக்ஸோடு சரி. கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. அதே கம்பெனியின் வேறு பாக்ஸிலும் ஓடாது. ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பல பாக்ஸ்களில் பழைய பதிவும் திறக்காது.

கோத்தகிரி பக்கம் ஒரு பாட்டியம்மா, பேத்தி டி.வி.யில் பாடியதைப் பதிந்து வைத்திருந்தார். கோடை இடியில் பாக்ஸ் போய்விட்டது. கம்பெனி புது பாக்ஸ் கொடுத்தது. டிரைவ் நன்றாகத்தான் இருந்தது, பாட்டு அதற்குள்தான் இருந்தது. "எப்படியாவது எடுத்துக் குடு தம்பி" என்றார். எடுக்க வழியே கிடையாது. அந்த வீட்டை விட்டு வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் காலத்து வி.எச்.எஸ். வீடியோ கேசட் 1976-இல் வந்தது. அதில் பதிந்ததைப் பக்கத்து வீட்டு டெக்கிலும் போட்டுப் பார்த்தோம். திருட்டுப் பிரதி பரவும் என்ற சேனல்காரர்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே மீறலாகக் கொள்வதில்லை. பாக்ஸ் மாறினால் பதிவையும் புது பாக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும் வழியைக் கம்பெனிகள் செய்து தர வேண்டும். இதை நான் உரிமையாகவே கேட்கிறேன்.

மழை வேறு கதை. சாட்டிலைட்டிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் கே.யு. பேண்ட் என்ற ரேடியோ அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மழையில் பதிவு நடுவே அறுந்து போவது அதனால்தான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்கினால் ஓரளவு தாங்கும். கரண்ட் போனால் அந்த நேரத்துப் பதிவு போனதுதான். இன்வெர்ட்டர் இருந்தால் தப்பும்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். பல பாக்ஸ்கள் பதிவு தொடங்கும் முன் டிரைவைத் துடைத்து ஃபார்மேட் செய்துவிடும். கல்யாண போட்டோ இருக்கும் டிரைவைச் சொருகிவிடாதீர்கள்.

வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிய முடியுமா? ரீசார்ஜ் இல்லாவிட்டால் பதிவு ஓடுமா? பாக்ஸ் மாறினால் என்ன ஆகும்? பில்லைப் பத்திரமாக வையுங்கள். சொன்னது ஒன்று, பாக்ஸ் செய்வது வேறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் கொடுக்கலாம்.