கெஸ்ட்ரிக்கும் ஊரியும்

(மட்டக்களப்பில் விஞ்ஞான ஆசிரியர்கள் முன் பேசியதிலிருந்து)

ஆத்திரப்போடா, கஸ்திரப்போடா, செபலப்போடா. ஒரு மாரி முழுக்க என் வகுப்புப் பிள்ளைகள் இந்த விலங்குக் கூட்டப் பெயர்களைக் கத்திப் பாடமாக்கினார்கள். சோதனையில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். பிழை என்னில்தான். சத்தத்தைக் கொடுத்தேன், பொருளைக் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் சந்தையில் ஒரு நண்டும் கணவாயும் வாங்கினேன். வாவிக்கரையில் உயிரோடு ஊரி என்கிற ஓட்டு நத்தையொன்றும் பொறுக்கிக்கொண்டேன். (எங்கட வாவியில் இரவில் கேட்கிற பாட்டைப் பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு கல்லடிப் பாலத்தில் இன்னும் முடியவில்லை, அது கிடக்கட்டும்.) "கிரேக்கத்தில் 'பொட்' என்றால் கால். மிச்சத்தை நீங்களே பாருங்க" என்றேன். நண்டுக் காலை மடக்கி நீட்டினார்கள்: மூட்டு. அதுதான் ஆர்த்ரொன். கணவாயில் தலையிலிருந்தே கைகள் கிளம்புகின்றன. கெபலே என்றால் தலை. ஊரிதான் பொறுமையைச் சோதித்தது. கண்ணாடித் துண்டில் விட்டுக் கீழிருந்து பார்த்தோம். கடைசியில் தலை நீட்டி, வயிற்றாலே நடப்பதுபோல ஊர்ந்தது. "காஸ்டெர், வயிறு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:

"சேர், எங்கட உம்மாக்குக் கெஸ்ட்ரிக். அதுவும் இதுதானா?"

"ஓம் புள்ள, அதே வயிறுதான்."

உடனே இன்னொருத்தி அம்மம்மாவின் மூட்டு வருத்தமான ஆத்திரைட்டிசைக் கொண்டுவந்து நண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தமிழ்ப் பாடத்தில் பதம் பிரிக்கிற பிள்ளைக்கு இது புது வித்தையல்ல. நமது கலைச்சொற்களிலும் அந்தப் பிரிப்பு கிடக்கிறது. 1898 இல் ஜெர்மன் விஞ்ஞானி பெண்டா கலத்துக்குள் இருக்கும் ஒரு நுண்ணுறுப்புக்கு வைத்த மைட்டோகொண்ட்ரியா என்ற பெயரில் மிட்டோஸ் இழை, கொண்ட்ரியொன் சிறுமணி, நமக்கு இழைமணி. குரோமோசோமில் குரோமா நிறம், சோமா உடல், நமக்கு நிறமூர்த்தம். 1936 இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர். அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அர்த்தமில்லாத சத்தமாக இதை ஊட்டுவது எனக்கு வெட்கம்.

ஒன்று கவனம். பெயர் சில நேரம் பொய்யும் சொல்லும். ஒட்சிசன் என்றால் 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது உண்டென்று பிரெஞ்சு இரசாயன விஞ்ஞானி லவோசியர் நம்பி வைத்த பெயர். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை.

பிறகொரு நாள் வாவிக்கரையில் கண்டல் மரத்தைக் காட்டி, "ரைசோபோரா, வேர்தாங்கி" என்றேன். ஒருவன் சேற்றில் ஊன்றி நின்ற வேர்களைக் குனிந்து பார்த்தான்.

"இல்ல சேர், வேர்தான் மரத்தத் தாங்குது."